இரண்டு மயிலும் ஒரு மானும்: தௌலி பாறை சொல்லும் மனமாற்றக் கதை

ஆழமாக ஊறிப்போன ஒரு நம்பிக்கையை மனிதன் தானே முயன்று மாற்றிக்கொள்ள முடியுமா? ஒடிசாவில், தயா நதிக்கரையில் இருக்கும் ஒரு பாறை 2,200 ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு ஒரு பதிலைச் சுமந்துகொண்டிருக்கிறது.

புவனேஸ்வரிலிருந்து பூரி ஜெகந்நாதரைத் தரிசிக்கப் போகிறவர்களில் பலர் வழியில் தௌலிக்கும் ஒரு நடை போய்விட்டுத்தான் வருவார்கள். நகரத்திலிருந்து தெற்கே சுமார் 8 கிலோமீட்டர். பூரி நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிளைச் சாலையில் திரும்பினால், வயல்களுக்கு நடுவே பச்சையாக ஒரு குன்று தெரியும். மலை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால், மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். உச்சியில் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல வெள்ளை வெளேரென்று நிற்பது சாந்தி ஸ்தூபம். பக்கத்திலேயே தவளேஸ்வரர் என்ற சிவன் கோயில்.

ஸ்தூபத்தின் படிகளில் நின்று பார்த்தால் கீழே தயா நதி வளைந்து போவது தெரியும். குவாகாய் ஆற்றிலிருந்து பிரிந்து வந்து, சிலிகா ஏரியில் போய்ச் சேரும் ஆறு அது. கோடைக்காலத்தில் மணல் திட்டுகள் தலைகாட்டும். ‘கலிங்கப் போரின்போது இந்த ஆறு முழுக்க ரத்தமாக ஓடியது’ என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆற்றின் பெயரோ தயை! கேட்கிறவர்கள் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். பிறகு செல்ஃபி எடுத்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டு, பூரிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ஆனால், தௌலியின் உயிர் உச்சியில் இல்லை. குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது.

பாறையிலிருந்து எழும் யானை

ஸ்தூபம் 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானிய பௌத்தத் துறவிகளின் முயற்சியில் எழுந்தது. அடிவாரத்துப் பாறைக்கு வயது 2,200-க்கும் மேல். பாறையின் மேல் பகுதியில் ஒரு யானையின் முன்பாதி மட்டும் செதுக்கப்பட்டிருக்கிறது. நான்கடி உயரம்தான் இருக்கும். தனியாகச் செய்து வைத்த சிலை இல்லை. தும்பிக்கையை மெல்லச் சுருட்டியபடி, கல்லுக்குள்ளிருந்து அப்போதுதான் வெளியே வருவது போல இருக்கிறது. ஒடிசாவில் கிடைத்த சிற்பங்களிலேயே மிகப் பழையது இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

யானைக்குக் கீழே, வழவழப்பாக்கிய பாறை முகத்தில், பிராமி எழுத்தில் வரிவரியாக அசோகரின் சாசனம். பாதுகாப்புக்காகச் சுற்றிலும் அடைத்து வைத்திருக்கிறார்கள். 1837-ல் மார்க்கம் கிட்டோ என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இதைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். அந்தக் காலத்தில் இந்த எழுத்தைப் படிக்க இந்தியாவில் ஒருவருக்கும் தெரியாது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கொல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் புதிரை அவிழ்த்தார். பல நூற்றாண்டுகள் ஊமையாகக் கிடந்த பாறை பேச ஆரம்பித்தது.

அது பேசியதைக் கேட்டவர்களுக்கு ஆச்சரியம். இது வெற்றிப் பெருமை பாடும் ராஜாவின் குரலாக இல்லை. அதிகாரிகளுக்கு அறிவுரை, மக்களுக்கு உறுதிமொழி, தன் சமையலறைக் கணக்கு... இப்படிப் போகிறது.

பாடப்புத்தகம் சொல்லும் ஒரு நாள் கதை

நம் எல்லோருக்கும் தெரிந்த அசோகர் கதை ஆறாம் வகுப்புப் பாடத்தில் வருவது. கலிங்கத்தின் மீது படையெடுத்தார், வென்றார், போர்க்களத்தில் குவிந்து கிடந்த பிணங்களைப் பார்த்தார், மனம் உடைந்தது, வாளைத் தூக்கி எறிந்தார், புத்த வழிக்கு வந்தார். ஒரே நாளில் சண்ட அசோகன் தர்ம அசோகன் ஆகிவிட்டான்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மனித மனம் அப்படி வேலை செய்கிறதா?

நம் வீடுகளிலேயே பார்க்கலாம். ராகு காலத்தில் வெளியே கிளம்பக் கூடாது என்று நாற்பது வருடமாக நம்பும் ஒருவரிடம், ‘இனிமேல் அதை நம்பாதீர்கள்’ என்று சொன்னால் என்ன ஆகும்? தலை ஆடும், கால் எழாது. ‘நம்புவதை நிறுத்தினால் லட்ச ரூபாய் தருகிறேன்’ என்று ஆசை காட்டினால், வேண்டுமானால் ராகு காலத்தில் கிளம்பிப் போய் வருவார். ஆனால், போய்த் திரும்பும் வரை நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருக்கும். கையைத் தூக்கு என்றால் தூக்கலாம். கண்ணை மூடு என்றால் மூடலாம். ‘இதை நம்பு, அதை நம்பாதே’ என்ற கட்டளைக்கு மட்டும் மனம் கீழ்ப்படிவதில்லை.

ஒரு பேரரசனுக்கும் இதே கதிதான். போர் என்பது ராஜ தர்மம், வெற்றி என்பது புண்ணியம், எதிரி நாடு என்பது பிடிக்க வேண்டிய இடம் என்று பிறந்ததிலிருந்து ஊட்டி வளர்க்கப்பட்ட மனம், ஒரு நாள் மாலையில் மாறிவிடுமா?

மாறவில்லை என்று அசோகரே சொல்கிறார். இதுதான் சுவாரஸ்யமான இடம்.

‘ஒரு வருடம் நான் சரியாக முயலவில்லை’

அசோகரின் சிறு பாறைச் சாசனங்கள் என்று ஒரு தொகுதி உண்டு. கர்நாடகத்தில் மஸ்கி, பிரம்மகிரி உட்பட நாட்டின் பல இடங்களில் கிடைத்தவை. அதில் ராஜா தன் கதையைத் தானே சொல்கிறார். இரண்டரை வருடத்துக்கும் மேலாகத் தான் புத்தரின் வழியில் ஓர் இல்லறச் சீடனாக இருப்பதாகவும், ஆனால் முதல் ஒரு வருடம் தன்னிடம் பெரிய முயற்சி ஒன்றும் இருக்கவில்லை என்றும், பிறகு சங்கத்தோடு நெருங்கிப் பழகத் தொடங்கிய பின்பே, ஒரு வருடத்துக்கும் மேலாக, முழு மூச்சாக முயன்று வருவதாகவும் அதில் சொல்கிறார்.

ஒரு சக்கரவர்த்தி கல்லில் எழுதிய வாக்குமூலம் இது. பேருக்குச் சேர்ந்தேன், ஒரு வருடம் சும்மாதான் இருந்தேன் என்பதுதான் அதன் சாரம். பெரியவர்களால் மட்டுமல்ல, சாதாரணமானவர்களாலும் முயன்றால் இது முடியும் என்று அதே சாசனம் மேலும் சொல்கிறது.

போர் நடந்தது, பட்டம் சூட்டி 8 ஆண்டுகள் ஆன பிறகு, பொதுவாக கி.மு. 261 வாக்கில் என்று கணக்கிடுகிறார்கள். புத்தர் ஞானம் பெற்ற போதி மரத்துக்கு யாத்திரை போனது, பட்டம் சூட்டி 10 ஆண்டுகள் ஆன பிறகு. அசோகர் போருக்கு முன்பே புத்த வழியின் பக்கம் சாயத் தொடங்கிவிட்டாரா, பின்புதானா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இலங்கையின் மகாவம்சம், நிக்ரோதர் என்ற இளம் துறவியின் அமைதியைப் பார்த்துத்தான் ராஜாவின் மனம் திரும்பியது என்று சொல்கிறது. கலிங்கப் போரை அது காரணமாகக் காட்டுவதில்லை. எப்படிப் பார்த்தாலும், ஒரே நாளில் நடந்த அதிசயம் இல்லை என்பது மட்டும் தெளிவு. வருடக்கணக்கில் நடந்த வேலை.

மனசுக்கு இல்லை, மடைப்பள்ளிக்கு ஆணை

அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார்? அதற்குத்தான் தௌலி பாறைக்கு வர வேண்டும்.

இங்கிருக்கும் முதல் சாசனம் அரண்மனைச் சமையலறையைப் பற்றியது. முன்பெல்லாம் ராஜாவின் மடைப்பள்ளியில் கறிக்காக தினமும் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன. இப்போது மூன்று உயிர்கள் மட்டும்தான்: இரண்டு மயில், ஒரு மான். அந்த மானும் தினமும் இல்லை. இனிமேல் இந்த மூன்றும்கூடக் கொல்லப்பட மாட்டா என்கிறது சாசனம்.

யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கையான வரி. உலகுக்கே அஹிம்சையைப் போதிக்கும் ராஜா, தன் தட்டில் இன்னும் மயில் கறி இருக்கிறது என்று ஏன் சொல்ல வேண்டும்? ‘அரண்மனையில் உயிர்க்கொலை இல்லை’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாமே? யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை.

அந்த இரண்டு மயிலும் ஒரு மானும்தான் இந்த மனமாற்றத்தை நம்ப வைக்கின்றன. சிகரெட்டை விட முயல்கிறவர் ‘முன்பு ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், இப்போது மூன்று, சீக்கிரம் அதுவும் கிடையாது’ என்று சொல்வதைப் போன்ற பேச்சு இது. பொய் சொல்கிறவர்கள் முழுமையாக மாறிவிட்டதாகச் சொல்வார்கள். உண்மையாக மாறிக்கொண்டிருப்பவர்களிடம்தான் மிச்சக் கணக்கு இருக்கும்.

அடுத்தது வேட்டை. பழைய ராஜாக்கள் உல்லாசப் பயணம் போனார்கள், வேட்டையாடினார்கள். தான் அதற்குப் பதில் தர்ம யாத்திரை போவதாக எட்டாவது சாசனத்தில் சொல்கிறார். துறவிகளையும் முதியவர்களையும் கிராமத்து ஜனங்களையும் பார்ப்பது, தானம் கொடுப்பது, அறம் பேசுவது. முன்பு கிடைத்த இன்பத்தைவிட இதில் அதிக இன்பம் என்றும் சொல்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. மனசுக்கு ஆணை போட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால், மடைப்பள்ளிக்கு ஆணை போடலாம். வேட்டை நாளை யாத்திரை நாளாக மாற்றலாம். யாரோடு உட்கார வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் ஒருவரின் கையில் இருக்கிறது. கை பழகியதை மனம் மெதுவாகப் பின்தொடர்கிறது. நேராகப் போய்த் திறக்க முடியாத கதவைக் கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போய்த் திறக்கிற வேலை.

மூன்றாவது உத்தி, பாறையேதான். மனசுக்குள் எடுத்த முடிவை மறுநாளே மாற்றிவிடலாம். வீட்டாரிடம் சொன்ன முடிவை மாற்றக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஊரறியக் கல்லில் வெட்டிய முடிவை என்ன செய்வது? தன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதன்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்ட பிறகு, எழுதியவர் பின்வாங்க வழியில்லை. புத்தாண்டு உறுதிமொழியை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

நான்காவது, நினைவூட்டல். தௌலியில் உள்ள தனிச் சாசனம் ஒன்று, அதை எப்போது படிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பூச நட்சத்திர நாளில், உரக்கப் படிக்க வேண்டும். இடையிலும் படிக்கலாம். கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தாலும் படிக்க வேண்டும். ஒரு தடவை சொன்னால் ஏறாது என்று தெரிந்த ஆளின் ஏற்பாடு இது.

கஷ்டம் என்று ஒப்புக்கொள்ளும் கல்

மனமாற்றம் சுலபம் என்று தௌலி பாறையில் எங்கும் இல்லை. நல்லது செய்வது கடினம், அதைத் தொடங்குகிறவர் கடினமான ஒன்றைச் செய்கிறார் என்கிறது ஐந்தாவது சாசனம். பத்தாவது சாசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்துப் பெருமுயற்சி செய்தால் ஒழிய, எளியவருக்கும் இது கஷ்டம், உயர்ந்த இடத்தில் இருப்பவருக்கும் கஷ்டம். அதிலும் உயர்ந்த இடத்தில் இருப்பவருக்குத்தான் அதிகக் கஷ்டம் என்கிறது. சொல்கிறவர், நாட்டிலேயே மிக உயர்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர்!

பிற்காலத்தில் எழுதிய தூண் சாசனம் ஒன்றில் மனித மனத்தின் ஒரு பழைய தந்திரத்தையும் பிடித்துவிடுகிறார். மனிதன் தான் செய்த நல்லதை மட்டுமே பார்க்கிறான், ‘நான் இதைச் செய்தேன்’ என்று சொல்லிக்கொள்கிறான். செய்த தீமை அவன் கண்ணில் படுவதே இல்லை. அதைப் பார்ப்பது மிகவும் கஷ்டம். ஆனாலும் கோபம், கொடூரம், கர்வம், பொறாமை ஆகியவற்றை உள்ளே தேடிப் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து.

பட்டம் சூட்டி 27 ஆண்டுகள் ஆன பிறகு இன்னொரு தூணில் ஒரு கணக்கு முடிக்கிறார். அந்தத் தூண் இன்று டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கிறது. மக்களிடம் அறம் வளர இரண்டு வழிகளைக் கையாண்டதாகச் சொல்கிறார். ஒன்று சட்டம், இன்னொன்று எடுத்துச் சொல்லி யோசிக்க வைப்பது. சட்டத்தால் கிடைத்தது கொஞ்சம்தான், யோசிக்க வைத்ததால் கிடைத்ததே அதிகம் என்பது கால் நூற்றாண்டு அனுபவத்துக்குப் பிறகு அவர் எழுதிய முடிவு.

தௌலியில் இல்லாத ஒரு சாசனம்

இனி, தௌலி பாறையின் சங்கடமான பக்கம்.

அசோகர் கலிங்கப் போருக்காக வருந்தி எழுதியது 13-வது பாறைச் சாசனத்தில். ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போல் பல மடங்கு பேர் மாண்டார்கள் என்ற எண்ணிக்கையும் அதில்தான் வருகிறது. செத்தவர்களுக்காக மட்டுமல்ல, உயிரோடு தப்பியவர்களுக்கும் தங்கள் சொந்தபந்தங்கள் பட்ட துன்பமே துன்பமாகிறது என்றும் அது எழுதுகிறது. வென்ற ராஜா எழுதிய சாசனங்களில் இப்படி ஒன்றைப் பார்ப்பது அரிது.

அந்தச் சாசனம் பாகிஸ்தானில் உள்ள ஷாபாஸ்கர்கியில் இருக்கிறது. குஜராத்தின் கிர்நாரில் இருக்கிறது. ஆந்திராவின் எர்ரகுடியில் இருக்கிறது. கலிங்கத்தில் மட்டும் இல்லை! தௌலியிலும், கஞ்சம் மாவட்டத்து ஜவுகடாவிலும் 11, 12, 13 ஆகிய மூன்று சாசனங்களையும் விட்டுவிட்டு, அவற்றுக்குப் பதிலாக இரண்டு தனிச் சாசனங்களை வெட்டியிருக்கிறார்கள்.

ஏன்? அடிபட்டவர்கள் முன்னால் அந்தக் கணக்கைப் படித்துக் காட்டக் கூசியதா? ஆறிவரும் புண்ணைக் கிளற வேண்டாம் என்ற எண்ணமா? கிளர்ச்சி கிளம்பும் என்ற பயமா? பாறை அதைச் சொல்லவில்லை.

மன்னிப்பு இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், அதுவும் லேசானதில்லை. தோசலி நகரத்து அதிகாரிகளுக்கு எழுதிய முதல் தனிச் சாசனத்தில்தான், எல்லா மனிதர்களும் தன் பிள்ளைகள் என்று அறிவிக்கிறார். பெற்ற பிள்ளைகளுக்கு இம்மையிலும் மறுமையிலும் என்ன நன்மையெல்லாம் விரும்புவேனோ, அதையே எல்லோருக்கும் விரும்புகிறேன் என்கிறார். காரணமில்லாமல் யாரையும் சிறையில் போடக் கூடாது, வதைக்கக் கூடாது; பொறாமை, கோபம், கொடூரம், அவசரம், சோம்பல் இல்லாமல் நீதி வழங்க வேண்டும்; இதைச் சரிபார்க்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை மென்மையான குணமுள்ள அதிகாரி ஒருவர் சுற்றி வருவார் என்று ஏற்பாடும் செய்கிறார். வருத்தம் என்ற வார்த்தை இல்லை. ஆனால், வருந்துகிறவர் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் இருக்கிறது.

மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. நாடு கடத்தப்பட்ட ஒன்றரை லட்சம் பேர் வீடு திரும்பியதாக எந்தச் சாசனமும் பேசவில்லை. 13-வது சாசனத்திலேயே, காட்டு மக்களுக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது: ராஜா வருந்தினாலும் அவரிடம் பலம் இருக்கிறது, திருந்தாவிட்டால் தண்டனை உண்டு. மரண தண்டனையையும் அவர் ஒழிக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு மூன்று நாள் அவகாசம் கொடுத்தார், அவ்வளவுதான்.

அப்படியானால் இது மனமாற்றமா, அரசியல் சாமர்த்தியமா? ‘எல்லாம் வேஷம்’ என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால், வேஷம் போடுகிறவருக்கு முதல் வருடச் சோம்பலைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மயில் கணக்கும் தேவையில்லை. ‘முழுதாக மாறிவிட்டார்’ என்று சொல்லவும் சாசனங்கள் இடம் கொடுக்கவில்லை. உயிர்களைப் பற்றிய நம்பிக்கை மாறியது. அதிகாரத்தைப் பற்றிய நம்பிக்கை பாதிதான் மாறியது. ஒரே மனதில், ஒரு பக்கம் பூத்தும் ஒரு பக்கம் காய்ந்தும் நின்ற மரம் அவர். நம் வீட்டுப் பெரியவர்களில் பலரும் அப்படித்தானே? மருமகள் வேலைக்குப் போவதை மனதார ஏற்றுக்கொண்ட மாமியார், பேரன் வேறு சாதியில் பெண் பார்த்தால் மூன்று நாள் பேசாமல் இருப்பார். அதனால் முதல் மாற்றம் பொய்யாகிவிடாது.

எதிர்க் குன்றிலிருந்து ஒரு குரல்

கலிங்கம் என்ன நினைத்தது? அதற்குப் புவனேஸ்வரின் மேற்குப் புறத்தில் உள்ள உதயகிரிக்குப் போக வேண்டும். அங்கே ஹாத்திகும்பா என்ற யானைக் குகையில் 17 வரிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அசோகருக்குப் பின், கலிங்கம் மீண்டும் தலைநிமிர்ந்த காலத்தில் ஆண்ட காரவேலன் வெட்டியது. சமண மன்னன். தான் போன படையெடுப்புகளை ஆண்டுவாரியாகப் பெருமையோடு பட்டியல் போடுகிறான். நந்த மன்னன் ஒருவன் முன்பு எடுத்துப் போன ஜினர் சிலையை மகதத்திலிருந்து மீட்டு வந்ததைச் சொல்கிறான். தமிழ் அரசர்களின் கூட்டணியை உடைத்ததாகவும் சொல்கிறான். கலிங்கம் எதையும் மறக்கவில்லை என்பது புரிகிறது.

அதே கல்வெட்டின் முடிவில், தான் எல்லாச் சமயத்தாரையும் மதிப்பவன், எல்லாக் கோயில்களையும் பழுது பார்ப்பவன் என்றும் எழுதி வைத்திருக்கிறான். எல்லாச் சமயத்தாரும் எல்லா இடத்திலும் வாழலாம் என்று தௌலியின் ஏழாவது சாசனம் சொன்னதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால், இரண்டு குன்றுகளையும் ஒரே நாளில் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒற்றுமை கண்ணில் படாமல் போகாது.

தமிழர்களுக்கு இந்த மண்ணோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தௌலியின் இரண்டாவது சாசனத்தில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்கள் வருகின்றன. போர் செய்யும் பட்டியலில் அல்ல; மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் வைத்தியம் செய்ய ஏற்பாடு, மூலிகைச் செடிகள், கிணறுகள் பற்றிய பட்டியலில். சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு 1981-ல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு விடை சொன்னது: அதியமான்கள்தான்!

அசோகருக்கு 1,300 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, குலோத்துங்க சோழனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் இதே கலிங்கத்தை வென்றார். அந்த வெற்றியைப் பாடியதுதான் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. ஒரே நாடு, இரண்டு வெற்றிகள். ஒன்றிலிருந்து பரணி பிறந்தது. இன்னொன்றிலிருந்து பச்சாதாபம் பிறந்தது. போரில் வென்றவர்கள் பொதுவாகப் பரணிதான் பாடுவார்கள். அதனால்தான் அசோகர் செய்தது எவ்வளவு அபூர்வம் என்பது ஒரு தமிழ் வாசகருக்கு மற்றவர்களைவிடச் சட்டென்று உறைக்கும்.

யானை இன்னும் வெளியே வரவில்லை

உச்சியில் இருக்கும் சாந்தி ஸ்தூபத்துக்குக் காரணமானவர் நிச்சிதத்சு ஃபுஜீ என்ற ஜப்பானியத் துறவி. 1930-களில் காந்தியைச் சந்தித்தவர். ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு உலகெங்கும் இப்படி அமைதி ஸ்தூபங்கள் எழுப்புவதை வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். குண்டு விழுந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், வாள் விழுந்த நாட்டில் கட்டிய ஸ்தூபம் என்று நினைத்துப் பார்த்தால், அந்த வெள்ளை நிறத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

ஆனாலும், தௌலிக்குப் போகிறவர்கள் ஸ்தூபத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியாவது அடிவாரத்து யானைக்குக் கொடுக்க வேண்டும். ஆறாவது சாசனத்தின் முடிவில் ‘வெள்ளையானவன்’ என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் தனியாக நிற்கிறது. அது இந்த யானையைக் குறிப்பதாகச் சொல்கிறார்கள். மாயாதேவியின் கனவில் வந்த வெள்ளை யானை, புத்தரின் அடையாளம்.

சிற்பி நினைத்திருந்தால் முழு யானையையும் செதுக்கியிருக்கலாம். முன்பாதியோடு நிறுத்திவிட்டார். தலையும் தும்பிக்கையும் முன்னங்கால்களும் வெளியே. பின்பாதி இன்னும் பாறைக்குள். மனம் மாற முயலும் மனிதரைக் காட்ட இதைவிடப் பொருத்தமான சிற்பம் கிடையாது. பிறந்து வளர்ந்த பாறையை ஒரேயடியாக உதறிவிட்டு யாரும் வெளியே வந்துவிடுவதில்லை. ஆனால், வெளியே வந்த பாதி கல்லாக இல்லை, யானையாக இருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு...

* சென்னையிலிருந்து ஹவுரா பக்கம் போகும் பல ரயில்கள் புவனேஸ்வர் வழியாகவே போகின்றன. விமான வசதியும் உண்டு. நகரத்திலிருந்து ஆட்டோ, டாக்ஸியில் தௌலி போகலாம். பேருந்தில் போனால் பூரி சாலையில் இறங்கி, உள்ளே செல்ல வேண்டும்.

* அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். கோடையில் பாறை கொதிக்கும். காலையிலேயே போய்விடுவது நல்லது.

* முதலில் அடிவாரத்துச் சாசனப் பாறை, பிறகு ஸ்தூபம் என்று வைத்துக்கொண்டால், மேலே நின்று ஆற்றைப் பார்க்கும்போது கதை முழுதாக மனதில் இருக்கும்.

* அதே நாளில் உதயகிரி - கண்டகிரி குகைகளையும், பழைய கோட்டை நகரமான சிசுபால்கரையும் பார்க்கலாம். பூரிக்குத் தொடர்கிறவர்கள் வழியில் பிப்பிலி ஊரில் வண்ணத் துணி ஒட்டு வேலைப்பாடுகளை வாங்கலாம்.

* பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் போர்க் கதையோடு நிறுத்திவிடாமல் மயில் கணக்கையும் சொல்லலாம். ‘நாளையிலிருந்து நல்ல பிள்ளையாக இரு’ என்பதைவிட, ‘இன்றைக்கு மூன்று, அடுத்த வாரம் இரண்டு’ என்பது அவர்களுக்கும் சுலபமாகப் புரியும்.